தட்டில் இரண்டு கதிர்க்குருவிகள்

வெயிலுக்கு அல்ல, போலீசுக்குப் பயந்துதான் அந்தச் சைப்ரஸ் கிராமத்துச் சாப்பாட்டுக் கடையின் பின்னறை ஜன்னல்களைப் பட்டப்பகலில் சாத்தி வைத்திருக்கிறார்கள். இடுக்கில் நுழையும் வெளிச்சம் மேஜைமேல், பிடிக்கவும் விற்கவும் சட்டம் தடுத்த கதிர்க்குருவிகள் வெந்து, தலையும் அலகுமாகச் சுருண்டு கிடக்கும் தட்டுகளில் விழுகிறது. லூகியா தன் தட்டைத் தொடவில்லை. எதிரே அவள் கணவர் ப்ரோத்ரோமோஸ், பறவையியல் பேராசிரியர், எலுமிச்சை பிழிகிறார். காலையில் பள்ளிக்கூடத்தில் 'பறவைகளைக் காப்போம்' என்று தொண்டை கம்மப் பேசியபோது குத்திய பேட்ஜ் இன்னும் கோட்டில் மின்னுகிறது. ஊருக்குத்தான் உபதேசம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் சொன்னதையெல்லாம் நம்பியவள் அவள். இன்றுதான் முதல்முறையாக இங்கே கூட்டி வந்திருக்கிறார். அவர் இரண்டு குருவிகளைத் தூக்கிக் காட்டுகிறார். "இது கருந்தொப்பி, அலகு மெலிசா இருக்கு பார். இது தோட்டத்துக் குருவி, அலகு மொண்ணை. இறகைப் பிடுங்கினா தலையில இருக்கற கருப்புத் தொப்பியும் போயிடுதில்ல, அந்தத் தைரியத்துல கடைக்காரன் மட்டமானதைக் கலந்துட்டான். திருட்டுப்பய." எலும்பு நொறுங்குகிறது. மோவாயில் எண்ணெய் வழிகிறது. அதே வாய். வெளியே அத்திமரத்தில், கூழாங்கல் இரண்டை மோதினாற்போல, 'டக், டக்' என்று ஒரு குரல். மெல்வதை நிறுத்தாமலே அவர் எண்ணெய் விரலை உயர்த்துகிறார். "உஷ், கேளு. கருந்தொப்பிதான் இப்படிக் கத்தும். மத்தது இன்னும் மெதுவா இருக்கும். கேட்டாலே சொல்லத் தெரியணும், லூகியா."

லூகியா தன் தட்டை அவர் பக்கம் தள்ளுகிறாள்.

"இதைக் கத்தச் சொல்லுங்க, பேராசிரியரே. எதுன்னு சொல்றேன்."