கூடாரம் நிற்காத தீவு

"அந்தத் தீவு மூட்டைப் பசங்களுக்கு லாயக்குப்படாது சார்" என்று செல்போனில் அடித்துச் சொன்னார் தணிகாசலம்.

அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு ரிசார்ட். அதற்கு மேனேஜர் அவர். முதுகில் மூட்டையும் கையில் கொஞ்சம் காசுமாக ஊர் சுற்ற வரும் இளவட்டங்களுக்கு அவர் வைத்த பெயர்தான் மூட்டைப் பசங்க.

லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். ஆந்திராவில் நகரியைத் தாண்டினால் திருப்பதி ரோட்டோரம் வீடு. புரட்டாசி மாதம் என்பதால் வாசல் பந்தலில் ஒரு கூட்டமே கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. எல்லாரும் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள். இடுப்பில் மஞ்சள் துணி, தோளில் மூட்டை. அவர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். வருஷா வருஷம் அவர் லீவு போடுவதே இதற்குத்தான்.

போனில் இருந்தவர் ஹைதராபாத் முதலாளி. பேச்சு தெலுங்கில். நகரிக்காரருக்கு அதில் என்ன கஷ்டம்?

"நம்ம காலி இடத்துல வரிசையா டெண்ட் போட்டு, கம்மி வாடகைக்கு விட்டா என்ன? அந்தப் பசங்களும் நம்மகிட்டயே வருவாங்க. நீங்க சரின்னா நாளைக்கே ஆர்டர் குடுத்துடறேன்."

"நிக்காது சார். அங்க அடிக்கிற காத்துக்கு ஒரு ராத்திரி தாங்காது. துணியையும் கம்பியையும் கடல்லதான் தேடணும்."

"ரூமாவே கட்டினா?"

"அவங்க குடுக்கற வாடகைக்கு அது கட்டுப்படி ஆகாது சார்."

"நீங்க சொன்னா சரி. விட்டுடலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மகள் ரூபா நின்றிருந்தாள். திருப்பதியில் படிப்பை முடித்தவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. சேருவதற்கு முன்னால் தோழிகளோடு அந்தத் தீவைப் பார்த்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. கப்பல் டிக்கெட் கூட எடுத்தாயிற்று. மேனேஜர் மகள் என்று ரிசார்ட்டில் ஓசியில் தங்க அப்பா விடமாட்டார். அதில் அவர் ரொம்பக் கறார். ரிசார்ட் வாடகையோ கேட்டாலே தலை சுற்றும். அதனால் முதலாளி கொஞ்ச நாளாகச் சொல்லிவந்த இந்த டெண்டைத்தான் மலை போல நம்பியிருந்தாள்.

"எங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒரு வழி வந்துச்சு. அதையும் அடைச்சிட்டியே நைனா."

"காத்து அடிக்குதும்மா."

"காத்தாம் காத்து. துட்டு இல்லாதவங்க வந்து நின்னா உங்க ரிசார்ட்டுக்கு அசிங்கம். அத்த சொல்லேன்."

தணிகாசலம் மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு நடந்தார். ரூபா விடவில்லை.

"இங்க நம்ம பவர்லூம் தறிய மூடினப்புறம் நீ அங்க இன்னா எடுத்துக்கினு போன? ஒரே ஒரு பை. உனக்கு லாயக்குப்பட்ட தீவு எங்களுக்கு லாயக்குப்படாதா?"

பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த யசோதாவும் புருஷனைச் சும்மா விடவில்லை.

"இங்க மூட்டையோட வந்தா எல போட்டு சோறு. அங்க மூட்டையோட வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறது. மேனேஜர் ஆயிட்டாரில்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓரிருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி இலைக்குள் தலையைக் கொடுத்தார்கள். ரூபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவரையா இத்தனை நாள் பெரிய மனுஷன் என்று நினைத்தோம் என்று ஆத்திரமாக இருந்தது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்."

"எதுக்கு கேன்சல் பண்ற? படகுலர்ந்து எறங்கி, ரிசார்ட் வேன்ல ஏறாம நேரா நட. மீன்காரங்க குப்பம் வரும். கமலம்மா வீடு எதுன்னு கேளு. மொத மொதல்ல நான் போய்த் தங்கின வீடு. காத்துக்கு முதுகக் காட்டிக்கினு தாழ்வா கட்டிக்கிறாங்க. ஒரு ஓடு அசையாது."

"தங்க உடுவாங்களா?"

"நீயே கேளு" என்று நம்பரைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மோர் ஊற்றப் போய்விட்டார்.

காற்று இரைச்சலுக்கு நடுவே தெலுங்கில் ஒரு பெண் குரல் கேட்டது. ரூபா தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"தணிகாசலம் பொண்ணா? வாம்மா, உனக்கு இல்லாத இடமா? மூட்டை மாட்டிக்கிட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் எங்க குப்பத்து வீடுங்கள்லதான் தங்குறாங்க. கடல்ல மீன் குறைஞ்சதுல இருந்து அந்த வாடகையிலதான் எங்க அடுப்பே எரியுது. இப்ப உங்க கம்பெனி டெண்ட் போடப்போகுதுன்னு கேள்விப்பட்டு இங்க யாருக்கும் தூக்கம் இல்ல. உங்க நைனா முதலாளிகிட்ட பேசறேன்னு சொல்லிட்டுப் போனாரு. பேசிட்டாராம்மா?"

ரூபா பந்தலைப் பார்த்தாள். அப்பா குனிந்து ஒவ்வொரு டம்ளராக மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேசிட்டாரு அத்தை. அங்க அடிக்கிற காத்துக்கு டெண்ட் நிக்காதாம்."