பெரியவரே

என்னை முதன்முதலில் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டவன் குவோன் தே-ஷிக். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை அது நடந்தது. பூசான் துறைமுகத்தில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டிங் மேஸ்திரியாக இருந்தவன் நான். படிப்பு கிடையாது. ஆனால் பட்டறையிலும், அதன் எதிரே இருந்த சூப்புக் கடையிலும் ‘யோம் மேஸ்திரி’ என்றால்தான் ஆள் தெரியும். என் மனைவி ஓக்-சுன்கூட நாலு பேர் முன்னால் அப்படித்தான் சொல்வாள்.

லிஃப்ட் நிறைய ஆட்கள். குவோன் தலையைத் தாழ்த்திக் கும்பிடு போட்டு, “பெரியவரே, எந்த மாடிக்குப் போகணும்?” என்றான்.

வருஷக்கணக்காக அதே ஐந்தாம் மாடி. அவனுக்குத் தெரியாததா?

வார்த்தையில் தப்புச் சொல்ல முடியாது. மரியாதையான வார்த்தைதான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை.

வீட்டுக்கு வந்து மெத்தையை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படியே போனது. எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்லி ஓக்-சுன் கெஞ்சினாள். எழுந்து யாராகப் போவது என்று கேட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி, காலி பாட்டில் மூட்டையை என் தலையில் கட்டினாள். செவ்வாய் சாயங்காலம்தான் எங்கள் குடியிருப்பில் குப்பை பிரித்துப் போடும் நேரம்.

கீழே போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. பாட்டில்கள் லேபிளோடு கிடந்தன. அட்டைப் பெட்டிகளில் டேப்பை யாரும் உரிக்கவில்லை. கிம்ச்சி ஊறுகாய்க் கறை பிடித்த டப்பாவைச் சுத்தமான டப்பாக்களோடு போட்டிருந்தார்கள். பித்தளையையும் செம்பையும் ஒன்றாகக் கொட்டியவனை நான் பட்டறையில் சாப்பிடவே விட்டதில்லை. வாய் சும்மா இருக்குமா? ஆறாம் மாடி அம்மாவைக் கூப்பிட்டு லேபிளை உரிக்கச் சொன்னேன்.

பின்னாலிருந்து குவோன் குரல்.

“பெரியவரே, இது உங்க பட்டறை இல்ல. எதுக்குச் சிரமம்? மேல போய்ப் படுத்துக்கங்க.”

சிலர் சிரித்தார்கள். நான் மேலே போகவில்லை. கடைசி பாட்டில் வரை அங்கேயே நின்றேன். அடுத்த செவ்வாய் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். அதற்கடுத்த வாரம் என் பழைய கையுறையோடு போனேன்.

கொஞ்ச நாளில் ஆறாம் மாடி அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தாள். “மேஸ்திரி, கால் ஆடுது. தூக்கிப் போட்டுடவா?” என்று கேட்டாள். வாங்கிச் சரி செய்து கொடுத்தேன். பிறகு தள்ளுவண்டி வந்தது, மின்விசிறி வந்தது. காவலாளி பெக்கின் அறைக்குப் பக்கத்து மூலையில் என் சுத்தியலும் திருப்புளியும் குடியேறின. எல்லோருக்கும் நான் மேஸ்திரி.

குவோனுக்கு மட்டும் இல்லை. செவ்வாய் தவறாமல் எதிரே வந்து, “பெரியவரே, இன்னும் படுக்கலையா?” என்பான். அந்த எரிச்சல் எனக்கு அடுத்த செவ்வாய் வரை தாங்கும்.

போன வாரம் குவோனுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் இல்லாத இடத்தில் போய் யாருக்காக நிற்பது? செவ்வாய் சாயங்காலமே படுத்துவிட்டேன்.

சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி கரகரத்தது. தண்ணீர் நிற்கும், லிஃப்ட் ஓடாது என்றெல்லாம் காவலாளி அதில்தான் சொல்வான். அன்றைக்குப் பெக்கின் குரல் நடுங்கியது.

“ஐந்தாம் மாடிப் பெரியவரே... இன்னும் படுத்திருக்கீங்களா, பெரியவரே?”

கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினேன்.

பெக் மேஜைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தான்.

“மேஸ்திரி, அடிச்சிடாதீங்க. நீங்க வரலைன்னா இப்படிக் கூப்பிடச் சொல்லி, தலைவர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரு.”

“எதுக்காம்?”

“அவரு தம்பி வேலைய விட்டதும் படுத்தவரு, எழுந்திருக்கவே இல்லையாம். ‘கோவமா இருக்கறவன் படுக்க மாட்டான், அந்த ஆளோட கோவம் ஆறாம பாத்துக்க’ன்னாரு. எங்க எல்லார்கிட்டயும் உங்கள மேஸ்திரின்னுதான் கூப்பிடணும்னு வீடு வீடா ஏறிச் சொன்னதும் அவருதான்.”

மூலைக்குப் போனேன். கையுறையை மாட்டிக்கொண்டேன். குவியலின் மேலேயே லேபிளோடு ஒரு பாட்டில் கிடந்தது.

நேற்று குவோன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றான்.

“பெரியவரே, இன்னும் படுக்கலையா?”

“கறுப்புக் கண்ணாடிக்கு லேபிள் தெரியாது. தள்ளி நில்லுங்க, பெரியவரே.”

எல்லாம் தெரிந்த பிறகும் சொல்கிறேன். அவன் வாயால் ஒரு தடவை ‘மேஸ்திரி’ என்று வர வேண்டும். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

எங்கே தீர்த்துவிடப் போகிறானோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.