மூன்று இழுப்பு

ஆல்வினின் கால்கள் படகின் பின்பக்கப் பொந்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. கிளாரியின் கால்கள் முன்பக்கப் பொந்திலிருந்து.

நடுவில், கொடிமரத்தடியில், கயிற்றைக் கவனித்துக்கொள்ள நான்.

ஆல்வின் என் அண்ணன். கிளாரி என் புருஷன். படகில் ஆளுக்குப் பாதி. போன ஈஸ்டரிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

எல்லாம் ஒரு விளக்கால் வந்தது. படகின் மூக்கில் இடது பக்கம் சிவப்பு எரியவேண்டும், வலது பக்கம் பச்சை. கிளாரி உள்ளே படுத்துக்கொண்டு, "சிவப்பு இடது பக்கம்!" என்று கத்தினார். ஆல்வின் வெளியே படகைப் பார்த்து நின்றுகொண்டு, தன் இடது பக்கத்தில் சிவப்பைத் திருகினான்.

பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிறவனுக்கு இந்தக் குழப்பம் வராது. இவர்கள் நிலக்கரி வெட்டினவர்கள்.

அன்றிரவு எதிரே வந்த இறால் படகுக்காரன், இவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று புரியாமல் நேராக மேலே ஏற வந்தான். தப்பிக்கத் திருப்பினவர்கள் சேற்றில் போய் உட்கார்ந்தார்கள். விடிந்ததும் போவன் ஊரே காப்பியோடு வந்து கரையில் நின்று பார்த்தது.

"யாரோட இடது?" என்று அப்போது ஆரம்பித்த சண்டை.

இப்போது படகைக் கரையேற்றி நிறுத்தி விற்கப் போகிறார்கள். வாங்குகிறவன் மத்தியானம் வருவான். பழைய வயரெல்லாம் உப்பு தின்று பச்சை பிடித்துக் கிடக்கிறது, புதுசு போட்டால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டான்.

விற்றுவிட்டால் என் கதி?

சுரங்கத்தை மூடினபோது இரண்டு பேரும் வந்து என் சமையலறையில் உட்கார்ந்தார்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு. இறைச்சி ஆலையில் வாழ்நாள் முழுக்க மாடு அறுத்தவளுக்கு. இந்தப் படகை வாங்கித் தொலைத்த பிறகுதான் சமையலறை மறுபடி என்னுடையதானது.

"நோலீன், உன் புருஷன்கிட்ட சொல்லு. தொந்தியை உள்ள இழுத்துக்கிட்டா வயர் வர வழி கிடைக்கும்." இது பின்பொந்து.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவன் விடற மூச்சுலயே புது பாட்டரி துருப்பிடிச்சிரும்." இது முன்பொந்து.

நான் எதையும் சொல்லவில்லை. படகு இருபத்திரண்டு அடி. எல்லாம் கேட்கும்.

வேலை பெரிதில்லை. பக்கப் பலகைக்குப் பின்னால் ஒரு குறுகலான வழி, கொடிமரத்தடியில் மட்டும் ஒரு சாண் வெளியே தெரியும். பழைய வயரை உருவும்போதே அதன் வாலில் ஒரு கயிற்றைக் கட்டி வழியில் விட்டிருந்தார்கள். ஆல்வின் அந்தக் கயிற்றில் புது வயரைக் கட்டிப் பின்னாலிருந்து தள்ளவேண்டும். கிளாரி முன்னாலிருந்து இழுக்கவேண்டும்.

பேசாமல் எப்படி? சுரங்கத்து வழக்கம்தான். கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு, இழு. மூன்று, இந்தப் பக்கம் ஆள் மாட்டியிருக்கிறான்.

மூன்றை வைத்து யாரும் விளையாடமாட்டார்கள். விளையாடினவனை மேலே கொண்டுவந்து வரிசையாக நின்று அறைவார்கள்.

பின்னாலிருந்து இரண்டு. கிளாரி இழுத்தார்.

வயர் வரவில்லை.

பின்னாலிருந்து மறுபடி இரண்டு. முன்னாலிருந்து ஒன்று. பின்னாலிருந்து இரண்டு, இந்தத் தடவை கோபமாக. முன்னாலிருந்து இரண்டு, அதைவிடக் கோபமாக. நான்கு கால்களும் பலகையை உதைத்தன.

"தூங்கிட்டானா அவன்?" என்றது முன்பொந்து, என்னிடம்.

அப்புறம் கிளாரியின் கையில் கயிறு மூன்று முறை இழுபட்டது. மெதுவாக.

அவர் கால்கள் உதைப்பதை நிறுத்தின.

ஆல்வின் பக்கமும் மூன்று.

அந்தக் கால்களும் நின்றன. வெளியே யாரோ வேறொரு படகில் பெயிண்ட் சுரண்டுகிற சத்தம் மட்டும்.

கிளாரி திருப்பி மூன்று அடித்தார். ஆல்வினும் அடித்தான்.

"மச்சான்," என்றது பின்பொந்து. "மாட்டிக்கிட்டியாடா?"

"நானா? மூணு அடிச்சது நீ! எங்கடா மாட்டின?"

"நான் எங்க அடிச்சேன்? நீ அடிச்ச, நான் பதில் சொன்னேன்."

"புளுகாத! நீ அடிச்ச, நான்தான் பதில் சொன்னேன்!"

நேருக்கு நேர் திட்டுவதற்காக ஆல்வின் வெளியே வரப் பார்த்தான். முடியவில்லை. நிஜமாகவே மாட்டியிருந்தான்.

கிளாரி என் தோளை மிதித்துத் தாண்டிப் போய் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். முதலில் கால்சட்டை வந்தது. ஆள் பிறகு வந்தான்.

இரண்டு பேரும் கிரீசும் அழுக்குமாய்க் கீழேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"கிழவனாயிட்டடா நீ."

"நீ மட்டும்?"

கிளாரியின் போன் அடித்தது. வாங்குகிறவன். கிளாரி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஆல்வினைப் பார்த்தார்.

"வயர் வேலை இன்னும் முடியலைன்னு சொல்லு," என்றான் ஆல்வின்.

சொன்னார். கேட்டார். "எப்ப முடியும்னு கேக்கறான்."

ஆல்வின் தாடையைச் சொறிந்தான். "இந்த ஜென்மத்துல முடியாதுன்னு சொல்லு."

கிளாரி அதையும் சொல்லிவிட்டு, பீர் வாங்க எழுந்தார். ஏணிக்குப் போகும்முன் திரும்பினார்.

"நோலீன், நீ நடுவுலதானே உக்காந்திருந்த. முதல்ல மூணு அடிச்சது யாரு?"

"உங்க சுரங்கத்துப் பாஷை எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

இருவரும் ஏணியில் இறங்கிப் போனார்கள். தெருமுனை வரை சண்டை கேட்டது.

மூடியிருந்த இரண்டு கைகளையும் திறந்தேன். கயிறு அழுந்தி உள்ளங்கைகள் சிவந்திருந்தன. கிளாரியின் முதல் இழுப்பிலேயே அறுந்துபோன இரண்டு நுனிகளையும் சேர்த்து, ஆலையில் குடலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன்.