இடது ஒன்பது, வலது எட்டு

முதலாளி பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார். இரண்டு கறுப்பு ஷூக்கள் தொப்பென்று விழுந்தன.

"இது என்னம்மா?"

"ஷூ சார்."

"அது எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமா இதைத்தானே வித்துக்கிட்டிருக்கேன்! நம்பரைப் படி."

விற்பனைப் பெண் இரண்டையும் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். "இடது ஒன்பது. வலது எட்டு."

"எந்த மகராசன் வந்து இதை வாங்கப்போறான்?"

"ஆள் இருக்கு சார்..."

"ஆள் இருக்காம்! பேசாதே."

வெளியே கோபம் என்றாலும் முதலாளிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இவளை வேலையை விட்டு அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டாக் எடுக்கும் நாளில் அது தானாக வந்து மாட்டிவிட்டது.

பின்னே என்ன? காலையில் வருகிறவர்களை, "சாயங்காலமா வாங்க, நடந்து கால் கொஞ்சம் உப்பினப்புறம் பார்த்தாத்தான் சரியான அளவு தெரியும்" என்று திருப்பி அனுப்புகிறாள். வந்தால் நிற்க வைத்து இரண்டு காலையும் அளக்கிறாள். ஒரு கால் போதாதா? போதாக்குறைக்கு, "ஒரே ஜோடியைத் தினமும் போடாதீங்க, ஒரு நாள் காத்தாட விடுங்க, அஞ்சு வருஷம் உழைக்கும்" என்று உபதேசம் வேறு. அஞ்சு வருஷம் உழைத்தால் கடைக்கு எவன் வருவான்?

முதலாளியைக் கேட்டால், ஷூ என்பது போட்டுப் பழக வேண்டிய சமாசாரம். அவர் கல்யாணத்தன்று போட்டதும் எட்டு, இன்று போட்டிருப்பதும் எட்டு. இடது சுண்டுவிரல் மட்டும் உயிர் போகிற மாதிரி வலிக்கும். வயசானால் வலிக்காதா? இந்த விசாரணைகூட, மேஜைக்கடியில் இடது ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தது.

"சரி, மத்த ரெண்டும் எங்கே?"

"நேத்து எதிர் ஆஸ்பத்திரி காவலாளிக்கு வித்துட்டேன் சார்."

"வலது ஒன்பதும் இடது எட்டுமா? அடக் கடவுளே! கண்ணைத் திறந்து பார்த்துக் கொடுக்கக் கூடாதா? போதும்மா, நாளையிலிருந்து நீ..."

கண்ணாடிக் கதவு திறந்தது. அதே காவலாளி. உடுப்பெல்லாம் மடிப்புக் கலையாமல் இருக்க, காலில் மட்டும் ரப்பர் செருப்பு.

போச்சு, ஷூவை மூஞ்சியில் எறிய வந்துவிட்டான் என்று முதலாளி எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு காலில் ஷூ இல்லை என்பது மறந்துபோனது.

"சார், மன்னிச்சுக்குங்க. இந்தப் பொண்ணு தெரியாம..."

"தெரியாமலா? தெரிஞ்ச ஒரே ஆள் இவங்கதான் சார்!" காவலாளி கும்பிடாத குறை. "என் வலது கால் ஒரு சைஸ் பெரிசு. பதினோரு வருஷமா ஒன்பது வாங்கி, இடது ஷூவுல பஞ்சு அடைச்சுக்கிட்டுப் பத்து மணி நேரம் நிக்கிறேன். நேத்து ராத்திரி டூட்டி முழுக்கப் புது ஷூ. கால் இருக்கறதே ஞாபகம் வரலை!"

"அப்புறம் ஏன் செருப்போட..."

"இன்னைக்கு அதுக்கு லீவு சார். உள்ளே பேப்பரைச் சுருட்டி வெச்சு ஜன்னல் பக்கம் வெச்சிருக்கேன். அக்கா சொன்ன மாதிரி மாத்தி மாத்திப் போட இன்னொரு ஜோடி வேணும். அதே மாதிரி."

அவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். போட்டுக்கொண்டு அவர் விறைப்பாக நடந்து போனதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளியின் கண் மேஜையில் இருந்தது. அங்கே இப்போது இன்னொரு இடது ஒன்பது, இன்னொரு வலது எட்டு.

"அவர் சந்தோஷமாப் போயிட்டார். இந்த மிச்சத்தை நான் தலையிலயா மாட்டிக்கிறது?"

"கால்ல மாட்டுங்க சார். உட்காருங்க."

"எனக்கா? என் சைஸ் எனக்குத் தெரியாதா?"

"நில்லுங்க சார், அப்படின்னா."

அளவுப் பலகை வந்தது. வலது கால் எட்டு. இடது கால் ஏறியது. பெருவிரல் எட்டாம் கோட்டைத் தாண்டி ஒன்பதில் போய் உட்கார்ந்தது.

முதலாளி உட்கார்ந்தார். அவள் கயிற்றைத் தளர்த்தி, ஷூவை மாட்டி, விரல் நுனியை அழுத்திப் பார்த்து முடிச்சுப் போட்டாள். அவர் ஓரடி வைத்தார். இன்னோர் அடி. கண்ணாடிவரை போனார், கதவுவரை போனார், வெளியே தெருமுனை வரைக்கும் போய்விட்டு வந்தார். வந்தபோது முகமெல்லாம் பல்.

"வலியே இல்லைம்மா!" இடது காலைத் தரையில் தட்டிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் ஷூ வித்தேன், என் காலை நான் அளக்கலை பாரு. நாளையிலிருந்து நீ... நாளையிலிருந்து நீதான் இந்தக் கடைக்கு மேனேஜர். வர்றவங்க எல்லாருக்கும் ரெண்டு காலும் அளக்கணும், ஆமா!"

அவள் சிரித்தாள்.

முதலாளிக்குக் கெத்தை அப்படியே விட்டுவிட மனசு வரவில்லை. "ஆனாலும் நீ அதிர்ஷ்டக்காரிம்மா. அந்தக் காவலாளிக்குக் கொடுத்த மிச்சம் எனக்குச் சரியாப் போச்சு, தப்பிச்சே."

"மிச்சம் இல்ல சார்." அவள் பழைய எட்டாம் நம்பர் ஷூவை எடுத்து ஓரமாக வைத்தாள். "போன மழைக்காலத்துல வெறுங்காலோட உள்ளே வந்தீங்களே, அந்த ஈரத் தடத்தை அளந்து பார்த்தேன். உங்களுக்குன்னு ரெண்டு ஜோடியைப் பிரிச்சா மிச்சம் ரெண்டும் நஷ்டம்னு நீங்களே திட்டுவீங்க. அதனாலதான் எட்டு மாசமா வர்றவங்க எல்லாரோட ரெண்டு காலையும் அளந்து, வலது கால் பெரிசா இருக்கற ஒருத்தரைத் தேடிக்கிட்டிருந்தேன்."