மில்லின் பக்கம்

“கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பன்றித்தொடைக் கறி அனுப்புற மில்லு அண்ணி! அது மேலயே கேஸ் போட்டிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா?”

மாடிசன் நகரத்து பெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசு கோர்ட், வராந்தாவில் வெர்லின் பொரிந்தான். அண்ணன் ஓரின் செத்து வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அண்ணி லவோன் காகித மில்லைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாளே என்று அவனுக்கு ஆத்திரம்.

“உங்கண்ணன் எதனால செத்தாரு? எங்க கிணத்துல மில்லுக் கழிவு கலந்திருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

“மில்லு நம்ம குடும்பம் மாதிரி. குடும்பச் சண்டையை இவ்வளவு தூரம் கொண்டாரணுமா?”

“நானா கொண்டாந்தேன்? நம்ம கவுன்ட்டி கோர்ட்லதான் போட்டேன். இங்க மாத்தினது உன் மில்லு. இங்கன்னா தீர்ப்பு சொல்ற ஜூரி எங்கெங்கயோ இருந்து வருவாங்க. நம்ம ஊர் ஜனங்க ஜூரியா உட்காரணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என்னை அவங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம். ஆனா அந்தத் தண்ணி நாத்தம் அவங்களுக்குத் தெரியுமில்ல?”

“அவங்களா? ஒருத்தன்கூட உங்க பக்கம் பேசமாட்டான்!”

சும்மா சொல்லவில்லை. லீவு போட்டு, மில்லில் தன்னோடு வேலை பார்க்கும் ஷிப்ட் ஆட்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஊர் யார் பக்கம் என்று நீதிபதி பார்க்கட்டுமே!

உள்ளே, கேஸ் எந்தக் கோர்ட்டில் நடக்க வேண்டும் என்பதுதான் அன்றைய வாதம்.

“தலைமுறை தலைமுறையா அந்த ஊர்ல இருக்கிற மில்லு. கேஸும் அங்கயே நடக்கட்டும்” என்றார் லவோனின் வக்கீல்.

மில் வக்கீல் எழுந்தார். “மில்லு அங்க இருக்கலாம் யுவர் ஆனர். கம்பெனி பதிவு டெலாவேர்ல, தலைமை ஆபீஸ் அட்லாண்டாவுல. சட்டப்படி நாங்க வேற மாநிலத்துக்காரங்க. உள்ளூர் ஜூரி வெளியாளை வஞ்சிச்சிடக் கூடாதுன்னுதானே சட்டம் இந்தக் கோர்ட்டுக்கு வர விடுது?”

வெளியாளா? வெர்லின் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவனும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லினின் அப்பா, தாத்தா எல்லாரும் அந்த மில்லில் மாடாய் உழைத்து ஓய்ந்தவர்கள்.

“சட்டம் உங்க பக்கம்தான். கேஸ் இங்கயே நடக்கும்” என்றார் நீதிபதி.

லவோன் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நீதிபதிக்கு மனசு கேட்கவில்லை. “இருந்தாலும் கேக்கறேன். அந்த ஊர் ஜனங்ககிட்ட உங்களுக்கு அப்படி என்ன பயம்?”

மில் வக்கீல் திரும்பி, வெர்லினையும் அவன் ஆட்களையும் நோக்கிக் கையை நீட்டினார்.

“பாருங்களேன் யுவர் ஆனர், இந்தம்மாவுக்காக எப்படித் திரண்டு வந்திருக்காங்கன்னு! இவங்க கையில சிக்கியிருந்தா எங்க கதி என்ன ஆகியிருக்கும்?”