ரசம் மட்டும் கேட்டவர்

கடலூர் புயல் முகாமில் காலைப் பந்தி நடந்தது. சாப்பிடுகிறவர்களையே உற்றுப் பார்த்தபடி நின்றார் தாசில்தார் ஹாமித்.

“யாரு எவ்ளோ துன்றாங்கன்னு கணக்கு பாக்கறாரு,” என்று பந்தியில் உட்கார்ந்திருந்த தனம் முணுமுணுத்தாள்.

“நேத்து கடைசி எலையில ஒக்காந்து ரசம் மட்டும் கேட்டாரே ஒரு பெரியவரு, அவுரு எங்க?” என்றார் ஹாமித்.

தனம் பதறினாள். “ஐயோ, என் மாமனாரு!”

கரையில் தன் படகைக் கட்டப் போயிருந்தவரை, அலை இழுப்பதற்குள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள்.

“முந்நூறு பேருல ஒருத்தரு இல்லன்னு எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?” என்றாள் தனம்.

“சிதம்பரம் யுனிவர்சிட்டியில படிச்சப்ப மூணு வருஷம் கல்யாணப் பந்தியில பரிமாறினேம்மா. ஒருத்தர் விட்டுப்போனாலும் கேட்டரிங்காரரு திட்டுவாரு. அந்தப் பயம் இன்னும் போவல.”

தனம் கைகூப்பினாள். அவர் கண் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தது.