வயலினும் வேண்டாமாம்

“வயலினுமா வேண்டாம்?”

லொரெய்ன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். எதிரே பள்ளி ஆலோசகர் ஹாலோரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பிரிஜெட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வேண்டாம் மேடம். பிரிட்டன் யுனிவர்சிட்டியில சேர அதையெல்லாம் கேக்க மாட்டாங்க. எந்தப் பாடம் படிக்கப் போற, அதுல உனக்கு என்ன தெரியும், பரீட்சையில எவ்வளவு மார்க், அவ்வளவுதான்.”

“வாள்வீச்சு? ஒஹாயோ முழுக்கக் கூட்டிட்டு அலைஞ்சிருக்கேன்!”

“பிரயோஜனமில்ல.”

“காலங்காத்தால நீச்சல்? பனி கொட்டக் கொட்ட யாரு வண்டி ஓட்டினா, மிஸ்டர் ஹாலோரன்? நீங்களா?”

“எழுதி அனுப்பினாலும் கண்டுக்க மாட்டாங்க.”

“சனிக்கிழமையானா காப்பகத்துல நாய் குளிப்பாட்டினாளே? அது சமூக சேவையாச்சே!”

“தொல்லியல் படிக்கிறதுக்கு நாய் எதுக்கு மேடம்?”

லொரெய்னின் உதடு துடித்தது. “நிச்சயமாத்தான் சொல்றீங்களா? விளையாட்டு இல்லையே?”

“உங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும்...”

“இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

போச்சுடா, வழக்குப் போடப் போகிறாள் என்று ஹாலோரனுக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

பிரிஜெட்டுக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அமெரிக்கக் காலேஜில் மார்க் மட்டும் போதாது, வாத்தியம், விளையாட்டு, சேவை எல்லாம் கேட்பார்கள்; அதனால் பிள்ளை நல்ல காலேஜில் சேர வேண்டுமானால் அம்மா டிரைவராக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அம்மா பத்து வருஷம் இடுப்பொடிய ஓட்டியிருக்கிறாள். இவளோ சின்ன வயதிலிருந்தே மண்ணைத் தோண்டிப் பழைய ஊர்களைத் தேட வேண்டும் என்று கிடக்கிறாள். அதைச் சொல்லிக்கொடுப்பதில் அந்த பிரிட்டன் யுனிவர்சிட்டிதான் கெட்டி. ஆனால் அம்மா தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது.

வண்டியில் ஏறியதும் லொரெய்ன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தாள். தோள் குலுங்கியது. காலடியில் காலி காப்பிக் கோப்பைகள். பின் சீட்டில் நாலு வயதுத் தம்பி டெடியின் குட்டி வயலின்.

பிரிஜெட் அவள் தோளைத் தொட்டாள். “அழாதம்மா. நீ பட்ட பாடெல்லாம் என்னால வீணாப் போச்சு. மன்னிச்சிடு. நான் பிரிட்டன் போகல. இங்கயே ஏதாவது ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கறேன்.”

லொரெய்ன் வெடுக்கென்று நிமிர்ந்தாள். “இங்கயா? உதை விழும்! ஒழுங்கா பிரிட்டனுக்கே போ!”

பிரிஜெட் வாயைப் பிளந்தாள். அம்மாவின் முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“பத்து வருஷத்துல ஒரு சனிக்கிழமை விடிஞ்சப்புறம் எழுந்திருக்கேனாடி நான்? அந்த வயலின் சத்தத்தைக் கேட்டாலே எனக்குக் காது குடையும். வேண்டாமாம்! எதுவுமே வேண்டாமாம்! கடவுளே, இதை முன்னாடியே ஒருத்தரும் சொல்லலையே!”

மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவனுக்குப் போன் போட்டாள்.

“டக், டெடியோட வயலின் டீச்சரை நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிடு. காலையில நீச்சலுக்கும் எழுப்பாதே, குழந்தை தூங்கட்டும். அவனும் பிரிட்டன்லதான் படிக்கப் போறான்!”